ராணி எறும்பு இறந்துட்டா கூட்டில் என்ன நடக்கும்? விடை சொல்லும் தென்னிந்திய எறும்பும், அதுக்குப் பெயர் வைத்த டாக்டர் ஜெர்டனும்!

ஆரோவில் பக்கம் முந்திரித் தோப்புக்குள்ள போனவங்களுக்கு முசுறு எறும்போட கடி லேசுல மறக்காது. இலைகளை இழுத்துப் பிடிச்சு, தங்கள் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால ஒட்டி, பந்து மாதிரி கூடு கட்டும் சிவப்பு எறும்பு அது. ஒரு கூட்டத்தில் லட்சக்கணக்கில் கூட இருக்கும். ஆனா முட்டை போட்டு வம்சத்தை வளர்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ராணிதான். நம்மைக் கடிக்கும் வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள். ஆனாலும் அவற்றுக்கு வாழ்நாள் முழுக்க வேலை, வேலை, வேலை மட்டும்தான்.

தனக்குன்னு பிள்ளை பெறாம, இன்னொருத்தி பெற்றதை வளர்த்துக் கொடுக்கும் இந்தக் குணம் பரிணாமத்தில் எப்படித் தப்பிப் பிழைத்தது? 1859-ல் வெளியான தன் புத்தகத்தில் டார்வினையே யோசிக்க வைத்த கேள்வி இது. பிள்ளை பெறாத உயிர் தன் குணத்தை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கடத்தும்? இந்தப் புதிரின் ஒரு பகுதியை இன்று ஆய்வகங்களில் அவிழ்க்க உதவுவது ஒரு தென்னிந்திய எறும்பு. அதுக்கு அறிவியல் பெயர் வைத்தவர், மெட்ராஸ் ராணுவத்தில் வேலை பார்த்த ஒரு டாக்டர்.

யார் இந்த ஜெர்டன்?

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் 1811 அக்டோபர் 12-ம் தேதி இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்தார். எடின்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். 1836 பிப்ரவரியில் மெட்ராஸில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 24.

முதல் போஸ்டிங், இப்போ ஒடிசாவில் இருக்கும் கஞ்சம். அடுத்து திருச்சியில் குதிரைப்படைக்கு டாக்டர். அங்கிருந்து தக்காணத்தின் ஜால்னா. அப்புறம் நெல்லூரில் சிவில் சர்ஜன். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வடக்கே போனா சென்னை, சென்னையையும் தாண்டி அதே கடற்கரையில் போனா வருவதுதான் நெல்லூர். அடுத்து கேரளாவின் தலச்சேரி. சிலருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தாலே வயித்தைக் கலக்கும். இவருக்கு ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரும் ஒரு புதுக் காடு, புதுப் பறவை, புது மீன்!

மெட்ராஸ் வந்த மூணே வருஷத்தில், 1839-ல், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை மெட்ராஸ் இலக்கிய அறிவியல் இதழில் தொடராக எழுத ஆரம்பித்துவிட்டார். 1840-களில் இந்திய ஓவியர்கள் வரைந்த படங்களோடு ஒரு பறவைப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். பாம்பு, பல்லி, நன்னீர் மீன், செடி என்று அவர் கை வைக்காத துறையே இல்லை. நீலகிரியில் வளரும் ஒரு சிறு செடிக்கு, தாவரவியலாளர் ராபர்ட் வைட் ஜெர்டோனியா என்று இவர் பெயரையே வைத்தார்.

இன்னொன்னையும் சொல்லியாகணும். பறவைகளுக்கு லத்தீன் பெயரோடு இவர் நிற்கவில்லை. தமிழ், தெலுங்கு, இந்தி என்று உள்ளூர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பதிவு செய்தார். அந்தப் பெயர்களைச் சொன்ன வேட்டைக்காரர்களின் பெயர்கள்தான் புத்தகத்தின் அட்டையில் இல்லை. கம்பெனி காலத்து அறிவியல் அப்படித்தான் இருந்தது.

எறும்பு எப்படி உள்ளே வந்தது?

பறவை மேல பைத்தியமாக இருந்த மனுஷன் 1851-ல் திடீரென எறும்புகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். தென்னிந்திய எறும்புகள் நாற்பதுக்கும் மேல் அதில் இருந்தன. அதுவும் மெட்ராஸ் இதழில்தான் வந்தது. பிறகு 1854-ல் லண்டன் இதழ் ஒன்றில் மறுபதிப்பானது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் எறும்பைப் பற்றி எழுதிய பலரும், செத்த எறும்பை ஊசியில் குத்திவைத்து கால், தாடை, நிறம் என்று வர்ணிப்பதோடு முடித்துவிடுவார்கள். ஜெர்டன் ஒரு படி தாண்டினார். எது எங்கே கூடு கட்டுது, என்ன சாப்பிடுது, தொட்டா என்ன செய்யுது என்றும் எழுதினார். சில எறும்புகள் விதைகளைப் பொறுக்கிக் கூட்டுக்குள் சேமிப்பதைக் குறித்துவைத்தார். எறும்பு தானியம் சேர்க்கும் என்ற பழைய நம்பிக்கையை அப்போது ஐரோப்பாவில் பலர் கட்டுக்கதை என்று ஒதுக்கியிருந்தார்கள். நம்ம ஊர் களத்துமேட்டில் நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்!

அந்தப் பட்டியலில்தான் நம்ம கதாநாயகி வருகிறாள். பெயர் ஹார்பெக்னேதோஸ் சால்டேட்டர். முதல் சொல்லுக்கு அரிவாள் தாடை என்று பொருள். இரண்டாவது சொல், குதிப்பதைக் குறிக்கும் லத்தீன். நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். பெரிய கண்கள், முன்னால் நீட்டிய தாடை. பயந்தா தாவிக் குதிக்கும், பிடிச்சா கொட்டும். மண்ணுக்கு அடியில், செடிகளின் வேர் ஓரமாக வாழும், பூச்சிகளை உயிரோடு பிடிக்கும் என்று ஜெர்டன் எழுதினார். கூடவே ஒரு சின்னத் தகவல்: இதன் கூட்டத்தில் உறுப்பினர்கள் அதிகம் இல்லை.

இன்று திரும்பிப் பார்த்தால் மொத்தக் கட்டுரையிலும் முக்கியமான தகவல் அதுதான்.

ராணி இறந்ததும் என்ன ஆகும்?

முசுறு போன்ற எறும்புகளில் யார் ராணி, யார் வேலைக்காரி என்பது புழுப் பருவத்திலேயே முடிவாகிவிடும். வேலைக்காரியாக வளர்ந்தவள் ராணியாக முடியாது. ராணி போனால், காலப்போக்கில் கூட்டமும் போச்சு.

ஜெர்டனின் குதிக்கும் எறும்பில் கதையே வேற. கூட்டம் பெரும்பாலும் நூறைத் தாண்டாது. ராணிக்கும் வேலைக்காரிக்கும் உடல் அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. ராணி உயிரோடு இருக்கும்வரை அவள் உடம்பின் மேல் இருக்கும் மெழுகு போன்ற வேதிப்பொருளின் வாசனை, நான் இருக்கிறேன் என்று மற்றவர்களுக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். ராணி இறந்ததும் அந்த வாசனை அடங்கிவிடும்.

உடனே வேலைக்காரிகளுக்குள் போட்டி தொடங்கும். உணர்கொம்புகளால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் இந்தச் சண்டை ஒரு மாதத்துக்கு மேல்கூட நீளும். சாவு விழாத சண்டை. கடைசியில் ஜெயிப்பது ஒருத்தி இல்ல, பல பேர்! ஜெயித்தவர்கள் கூட்டில் இருக்கும் ஆண் எறும்புகளோடு சேர்ந்து முட்டை போடத் தொடங்குகிறார்கள்.

அப்போது உடம்பே மாறுகிறது. சினைப்பை பெருக்கிறது, விஷம் சுரப்பது குறைகிறது, மூளை சுமார் கால் பங்கு சுருங்குகிறது. வேட்டைக்கே போகாதவளுக்கு அவ்வளவு பெரிய மூளை எதுக்கு? ஆயுளும் கூடுகிறது. சுமார் ஏழு மாதம் வாழ வேண்டிய வேலைக்காரி, நாலு வருஷம் வரை வாழ்கிறாள். 2021-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அப்படிப் பதவிக்கு வந்தவர்களைத் தனியே பிரித்து வைத்தபோது, பழையபடி வேலைக்காரியாக மாறினார்கள். சுருங்கின மூளையும் திரும்ப வளர்ந்தது!

இது ஏன் பெரிய விஷயம்? ராணி, வேலைக்காரி என்பது மரபணுவில் எழுதிவைத்த இரண்டு சாதி இல்லை என்பதை இந்த எறும்பு கண்ணுக்கு முன்னால் காட்டுகிறது. ஒரே மரபணுத் தொகுப்பு, சூழலைப் பொறுத்து இரண்டு வாழ்க்கை. எறும்புகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் குளவி இனத்திலிருந்து வந்தவை. தனியாக வாழ்ந்த அந்தக் குளவியில் முட்டை போட்டவளும் வேட்டையாடியவளும் ஒருத்தியே. அந்த இரண்டு வேலைகளும் எப்படி இரண்டு உடம்புகளாகப் பிரிந்தன என்று ஆராய, இந்தச் சின்னக் கூட்டம் ரொம்ப வசதி. இதை ஆதி எறும்பு என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. வேலைக்காரிகள் முட்டை போடும் இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் வந்ததுதான்.

1964-ல் வில்லியம் ஹாமில்டன் டார்வினின் கேள்விக்கு ஒரு கணக்கு கொடுத்தார். எறும்புகளில் ஆண், கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கும். அதனால் ஒரே அப்பாவுக்குப் பிறந்த சகோதரிகள் முக்கால் பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்வார்கள். சொந்த மகளோடு பகிர்வதோ பாதிதான். தங்கச்சியை வளர்த்தாலும் தன் மரபணுதான் பரவும். இந்தக் கணக்கு மட்டுமே எல்லாத்தையும் விளக்காது என்பது இன்றைய ஆய்வாளர்களின் நிலைப்பாடு. வாய்ப்பு கிடைத்த நிமிஷமே வேலைக்காரிகள் கொம்பைத் தூக்கிக்கொண்டு களத்தில் இறங்குவதைப் பார்த்தால், அவர்களின் தியாகத்துக்கும் ஒரு எல்லை இருக்கு என்பது புரியும்.

ஜெர்டனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

இதில் எதுவும் ஜெர்டனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அவர் எறும்புப் பட்டியலை எழுதியபோது டார்வினின் புத்தகமே வரவில்லை. 1850-களில் மத்திய இந்தியாவின் சாகருக்கு மாறினார். 1857 கிளர்ச்சிக் காலத்தில் அங்குதான் இருந்தார். பிறகு, இந்திய விலங்குகள் பற்றி வரிசையாகக் கையேடுகள் எழுத அரசு அவருக்குச் சிறப்புப் பணி கொடுத்தது. 1862 முதல் 1864 வரை பறவைகள் தொகுதிகள் வந்தன, 1867-ல் பாலூட்டிகள். அவருடைய பறவைக் குறிப்புகளை டார்வினும் பின்னாளில் எடுத்தாண்டார்.

எறும்புகளுக்குத் தனிப் புத்தகம் எழுத அவருக்கு நாள் கிடைக்கவில்லை. இங்கிலாந்து திரும்பியவர் 1872 ஜூன் 12-ல் இறந்தார். வயது 60. அவர் பெயர் தாங்கிய ஜெர்டன் கோர்சர் என்ற பறவை அழிந்தே போச்சு என்று கருதப்பட்டு, 1986-ல் ஆந்திராவின் கடப்பா பகுதியில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. எறும்புக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. 1990-களில் கர்நாடகாவில் மண்ணைத் தோண்டி எடுத்த கூட்டங்களின் வாரிசுகள் அமெரிக்க ஆய்வகங்களில் வளர்கின்றன. 2010-ல் முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்ட எறும்புகள் இரண்டு. அதில் ஒன்று இதுதான். ஆய்வுக் கட்டுரைகளில் அதன் முழு அறிவியல் பெயரை எழுதும்போது, பின்னால் ஜெர்டன், 1851 என்றும் சேர்த்துப் போடுவது வழக்கம்.