தொண்டால் உயர்ந்த ஜோசப் வாஸ்

மலாக்கா 1641ஆம் ஆண்டில் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது வணிகத்துக்காக மட்டும் நடந்த போர் அன்று. போர்த்துகீசியர் கத்தோலிக்கர், டச்சுக்காரர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். இரு தரப்பினரும் வழிபட்டது இயேசுவையே. ஆயினும், ஐரோப்பாவில் இவ்விரு சபையினரிடையே மூண்ட பகை கப்பலேறி ஆசியாவுக்கும் வந்தது. 1658இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அதன் பின்னர், அங்கு வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியவில்லை. பாதிரியார்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் தருவோருக்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது.

அம்மக்களைத் தேடிச் சென்றவரே ஜோசப் வாஸ். இவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தாய்மொழி கொங்கணி. 1676இல் குருவானார். இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்ற இவர், 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தூத்துக்குடியில் தங்கித் தமிழ் கற்றார். 1687இல், ஜான் என்னும் உதவியாளருடன், ஏழைக் கூலியாள் போல் வேடம் பூண்டு யாழ்ப்பாணத்தை அடைந்தார்.

பயணத்தின் களைப்பாலும் நோயாலும் அவர் நலிந்து போனார். எனினும், வீடு வீடாகச் சென்று பிச்சை கேட்டவாறே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். இரவில் அவர்களைச் சந்தித்தார், பகலில் மறைந்திருந்தார். சில்லாலை மக்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து அவரைக் காத்தனர். தேடுதல் கடுமையானதும், 1690இல் அவர் புத்தளத்துக்குச் சென்றார். அதே ஆண்டில் அயர்லாந்தின் போயின் ஆற்றங்கரையில், கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்சின் படையும் நெதர்லாந்தில் பிறந்த மன்னர் வில்லியமின் படையும் மோதிக்கொண்டன. தொலைவில் இருந்த இரு தீவுகளையும் ஒரே பகை வாட்டியது.

1692இல் ஜோசப் வாஸ் கண்டி நகரை அடைந்தார். கண்டி, டச்சுக்காரரின் ஆட்சிக்கு உட்படாத பௌத்த அரசாகும். ஆனால், அங்கும் துன்பம் காத்திருந்தது. அவர் போர்த்துகீசிய ஒற்றர் எனப் பழி சுமத்தப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். மனந்தளராத அவர், சிறையிலேயே சிங்களம் கற்றார். நாளடைவில் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய நேர்மையை உணர்ந்து கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் நகரை விட்டு அகன்றார். நோயாளிகளை உறவினரே கைவிட்டனர். ஜோசப் வாஸ் தம் உறவினரான இளம் குரு ஒருவருடன் நகரிலேயே தங்கினார். கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசைகள் அமைத்தார்; உணவு கொடுத்தார்; புண்களைக் கழுவினார்; இறந்தோரை அடக்கம் செய்தார். நோயாளி பௌத்தரா, கத்தோலிக்கரா என அவர் பார்க்கவில்லை. ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டவர் அந்நகரின் நம்பிக்கைக்கு உரியவரானார். மன்னரும் அவரைத் தடையின்றிப் பணியாற்ற விட்டார். கிறிஸ்தவ ஆட்சியில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கருக்குப் பௌத்த மன்னரின் நாடு அடைக்கலமாயிற்று.

தாயகம் திரும்பாமலேயே உழைத்த அவர், 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் காலமானார். 2015இல் போப் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கெடாவில், சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களிலும் தோட்ட லயங்களிலும் பல சமயத்தார் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். ஒரு வீட்டில் நோய் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பவர் எந்தச் சமயத்தவர் என்று எவரும் கேட்பதில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கண்டியின் நோய்க் குடிசைகளில் ஜோசப் வாஸ் வாழ்ந்து காட்டியதும் இந்த நெறியைத்தான்.