ரைஃபைசன்: சேர்ந்து கடன் வாங்கக் கற்றுக்கொடுத்தவர்

நம்ம குழுவில் ஒருத்தர் வாங்குகிற கடனுக்கு எல்லோரும் பொறுப்பு என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். இப்படி ஒரு வழியை 19-ஆம் நூற்றாண்டிலேயே கிராமத்து ஏழைகளுக்குக் காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன்.

1818-ல் ஹாம் என்ற ஊரில், ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். பட்டாளத்தில் சேர்ந்தார்; கண் நோயால் அந்த வேலை போனது. 1845-ல் வையர்புஷ் என்ற கிராமப் பகுதிக்குத் தலைவராக வந்தார்.

அடுத்த வருஷமே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. அரசாங்கம் மாவு அனுப்பியது, ஆனால் ரொக்கம் தந்தால்தான் கொடுக்கணும் என்று உத்தரவு. ரைஃபைசன் கடனுக்கே கொடுத்தார். வசதியானவர்களிடம் பணம் திரட்டி, பொது அடுப்பு கட்டி, குறைந்த விலைக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார்.

ஏழைகள் ஏன் ஏழைகளாகவே இருக்காங்க? சோம்பேறித்தனம், குடி, தலைவிதி என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் கண்ட காரணம் வேறு. பாடுபடுகிற விவசாயி மாடு வாங்க வட்டிக்காரரிடம் போவார். தவணை தவறினால் மாடும் போச்சு, நிலமும் போச்சு. உழைப்பில் குறையில்லை, நியாய வட்டிக்குக் கடன் தர ஆளில்லை.

1849-ல் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் ஊரில் வசதியுள்ள 60 பேரைப் பொறுப்பேற்க வைத்து ஒரு சங்கம் தொடங்கினார். அது மாடு வாங்கிக் கொடுத்து, 5 வருஷத் தவணையில் பணத்தைத் திரும்ப வாங்கியது. பிறகு ஹெடெஸ்டார்ஃப் ஊரிலும் ஒரு சங்கம் வைத்தார். ஆனால் உதவ வந்த வசதிக்காரர்கள் நாளாக நாளாக விலகத் தொடங்கினார்கள். அடுத்தவர் இரக்கத்தை நம்பிய சங்கம் நிலைக்காது என்று அப்போது புரிந்துகொண்டார்.

1864-ல் விதியையே மாற்றினார். கடன் வேண்டுமா, உறுப்பினராகச் சேரணும். கடனுக்கு எல்லோரும் கூட்டுப் பொறுப்பு. ஒருத்தரை ஒருத்தர் அறிந்த சின்ன ஊருக்குள்தான் சங்கம். பார்வை மங்கிய காலத்தில் மகள் அமாலி அவருக்குத் துணையாக இருந்து எழுத்து வேலையைப் பார்த்தார். 1888-ல் காலமானார்.

சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பா போய் இந்த முறையை ஆராய்ந்து, 1890-களில் அறிக்கை கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் யாராவது தவணை கட்டவில்லை என்றால், ஊதாரி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அவங்க வீட்டில் வெளிக்கடன் என்ன வட்டிக்கு ஓடுது என்று முதலில் கேட்போம்.