அறிவின் வாசலைத் திறந்த பேகம் ரொக்கையா

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி மாவட்டமாகும். காலையில் மதரஸாவுக்கும் பின்னர் பள்ளிக்கூடத்துக்கும் செல்லும் நம் பெண்மக்களைக் காணும்போது உள்ளம் மகிழ்கிறது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன், வசதி படைத்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணுக்கும் எட்டாக் கனியாக இருந்தது கல்வி. அந்த இருளில் தம் வாழ்வையே விளக்காக ஏற்றியவர் வங்கத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன் அம்மையார். ஜமாஅத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அன்னாருடையது.

ரொக்கையா 1880-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்த் கிராமத்தில் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். ஆண்பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி பயிற்றுவித்த தந்தையார், பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதவும் பார்சி, உர்தூ மொழிகளைக் கற்கவும் மட்டுமே அனுமதித்தார். தாய்மொழியான வங்காளமும் ஆங்கிலமும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. தமக்கை கரீமுன்னிஸா வங்காள நூலைப் படிப்பது தெரியவந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டது. பதினைந்து வயது நிறையும் முன்பே அவருக்கு நிக்காஹ் முடிக்கப்பட்டது.

இதைக் கண்டு வளர்ந்த ரொக்கையாவுக்கு மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர் உறுதுணையாக நின்றார். வீட்டார் உறங்கிய பிறகு, இரவில் விளக்கொளியில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில், 1924-இல் வெளிவந்த ‘பத்மராக்’ என்னும் நாவலை அம்மையார் அந்தச் சகோதரருக்கே காணிக்கையாக்கினார்.

1898-இல் பீகார் மாநிலம் பாகல்பூரைச் சேர்ந்த துணை மாஜிஸ்திரேட் கான் பகதூர் சையித் சகாவத் ஹுசைனுடன் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. மேல்நாட்டில் கல்வி கற்ற அவர், மனைவியின் எழுத்தார்வத்தைத் தடுக்கவில்லை, வளர்த்தார். பெண்கள் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கெனப் பத்தாயிரம் ரூபாயையும் ஒதுக்கி வைத்தார்.

கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாள்களில் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய கதை ‘சுல்தானாவின் கனவு’. அது முதன்முதலில் அச்சேறியது நம் சென்னையில்தான். கமலா சத்தியநாதன் அம்மையாரை ஆசிரியராகக் கொண்டு சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழ் 1905-இல் அதனை வெளியிட்டது.

அக்கதையில் பெண்கள் ஆளும் நாடு ஒன்று வருகிறது. அங்குப் பெண்களுக்கென இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றில் ஆய்வு செய்யும் பெண்கள், பலூனில் குழாய்களைப் பொருத்தி மேகத்திலிருந்து நீரைச் சேகரிக்கின்றனர். மற்றொன்றில் சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைக் கண்டுபிடிக்கின்றனர். பகைவர் படையெடுத்து வந்தபோது, அந்த ஒளியையும் வெப்பத்தையும் அவர்கள்மீது பாய்ச்சி விரட்டுகின்றனர். வயலை உழுவதும் மின்சாரமே. பள்ளிக்கூடத்தின் படியையே மிதிக்காத ஒரு பெண்மணி, கதிரவனின் ஆற்றலை மனிதப் பயன்பாட்டுக்குக் கொணர்வதைப் பற்றி 1905-இல் எழுதினார் என்பது வியப்புக்குரியது. விஞ்ஞானம் ஆண்களுக்கு மட்டுமே உரியதன்று என்பதே அக்கதையின் உட்பொருள்.

ஆனால் வாழ்க்கை அவருக்குக் கனவாக அமையவில்லை. பெற்ற இரு பெண் குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே இறந்தன. நீரிழிவு நோயால் பார்வை இழந்த கணவர் 1909 மே மாதம் வஃபாத்தானார். துயரத்தில் மூழ்கிவிடாமல், அதே ஆண்டு அக்டோபரில் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்தில் எழுந்த பிணக்கினால் ஊரை விட்டுக் கல்கத்தாவுக்கு வர நேர்ந்தது. 1911 மார்ச் 16-ஆம் நாள், வலியுல்லாஹ் லேனில் எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை மீண்டும் தொடங்கினார்.

பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார். கோஷா முறைக்குப் பங்கம் வராது என உறுதியளித்து, நாற்புறமும் மூடிய வண்டியில் அவர்களை அழைத்து வந்தார். பள்ளிக்கு வாங்கிய மோட்டார் பஸ்ஸையும் காற்றுப் புகாதவாறு மூட வேண்டியதாயிற்று. உள்ளே சிறுமியர் மயங்கி விழுந்தனர். திரைச்சீலை கட்டியபோது, அது காற்றில் விலகுகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. அவர் கண்ணியமான பர்தாவை எதிர்க்கவில்லை, தாமும் பேணினார். மூச்சுமுட்டும் சிறைவாசத்தையே எதிர்த்தார். அதனால் விளைந்த அவலங்களை 1931-இல் ‘அவரோத்பாசினி’ என்னும் நூலில் 47 நிகழ்ச்சிகளாகப் பதிவு செய்தார்.

அவரது பள்ளியில் குர்ஆனுடன் மொழிப்பாடங்கள், நோயாளிப் பராமரிப்பு, முதலுதவி, தையல், உடற்பயிற்சி ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. கல்வி தேடுவது ஆண், பெண் இருபாலர் மீதும் கடமை என்று மார்க்கம் கூறும்போது, அதைப் பெண்ணுக்கு மறுப்பது மார்க்கத்திற்கே முரண் என்பது அன்னாரின் வாதம். 1916-இல் அவர் நிறுவிய அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் என்னும் மாதர் சங்கம் ஆதரவற்ற விதவையருக்கு உதவியது. குடிசைப் பகுதிகளுக்குச் சென்று ஏழைப் பெண்களுக்கு எழுத்தும் சுகாதாரமும் போதித்தது.

1932 டிசம்பர் 9-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். இறுதியாக எழுதிக்கொண்டிருந்த பெண்கள் உரிமை பற்றிய கட்டுரை முற்றுப்பெறாமலே நின்றது. அவர் தொடங்கிய பள்ளியோ அரசுப் பள்ளியாக இன்றும் கொல்கத்தாவில் நடைபெறுகிறது. வங்கதேசத்தில் டிசம்பர் 9 ரொக்கையா தினமாக நினைவுகூரப்படுகிறது.

இன்று நம் பிள்ளைகள் எழுதப் படிக்க அறிந்துவிட்டனர். ஆயினும் மேற்படிப்பு, விஞ்ஞான ஆராய்ச்சி என்று வரும்போது, பெண்பிள்ளைக்கு இது போதும் என்று நிறுத்திவிடும் வீடுகள் இல்லாமலில்லை. கரீமுன்னிஸாவின் படிப்பை நிறுத்தியதும் அதே எண்ணம்தான். ரொக்கையாவுக்கு விளக்கேற்றிக் கொடுக்க ஒரு சகோதரரும், உடன் நின்ற ஒரு கணவரும் இருந்தனர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சகோதரராக, அந்தத் தந்தையாக, அந்தக் கணவராக நாம் இருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் நற்சேவைகளைக் கபூல் செய்து, நம் சந்ததியருக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.