தமிழ்த் தட்டச்சின் தந்தை ஆர். முத்தையா

நாமக்கல், ராசிபுரம் பக்கம் தமிழ் டைப்ரைட்டிங் பழகப் போகும் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். முதல் பாடம் ய, ள, ன, க என்பார்கள். தமிழை மிஷினில் அடிக்க வழி காட்டியவர்தான் முத்தையா.

இவர் 1886-ம் ஆண்டு பிப்ரவரி 24-ம் தேதி யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாய் தந்தையை இழந்தார். 1907-ல் மலாயா, சிங்கப்பூர் பக்கம் பிழைக்கப் போனார். ஆபீஸில் வேலை கிடைத்தது. அங்கே ஆங்கிலக் கடிதத்தை மிஷினில் டக்டக்கென்று அடிப்பார்கள். தமிழுக்கோ பேனாதான்.

காரணம் என்ன? ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு 247. மிஷினில் இருப்பதோ ஐம்பதுக்கும் குறைவான பட்டன். எப்படி அடங்கும்?

முத்தையா எழுத்தைப் பிரித்துப் பார்த்தார். 'கா' என்பது 'க'வும் காலும். அப்போ கால் ஒன்று இருந்தால் பதினெட்டு எழுத்துக்கும் போதும். 'க்' எழுதப் புள்ளி 'க'வின் தலைமேல் வரணுமே? அதற்கு நகராத பட்டன் வைத்தார். முதலில் புள்ளியை அடித்தால் தாள் நகராது. அடுத்து 'க' அடித்தால் அதே இடத்தில் விழும், 'க்' ஆகிவிடும்! அவருடைய தமிழ் மிஷின்கள் ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தன.

இன்றைய கம்ப்யூட்டரிலும் இதே சங்கதிதான். கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை. எந்தப் பட்டன் என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்பும். அதை வாங்கி ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுப்பது டிரைவர் என்ற மென்பொருள். (நம்ம ஊர் லாரி டிரைவர் இல்லை! ஆனாலும் சரக்கை ஒப்படைக்கிற வேலைதான்.) அந்த எண்ணுக்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது கீபோர்டு அமைப்பு. அதனால்தான் ஆங்கில 'ஏ' பட்டனைத் தட்டினால் டைப்ரைட்டர் முறையில் 'ய' வரும். 1999-ல் வந்த தமிழ் 99 முறையில் 'அ' வரும். பட்டன் ஒன்றுதான், மென்பொருள்தான் வேறு.

இரும்பில் அவர் செய்ததை இன்று மென்பொருள் செய்கிறது. நம் மொழிக்கு எழுத்து அதிகம், மிஷினுக்கு ஒத்து வராது என்று யாராவது சொன்னால் முத்தையாவின் கதையைச் சொல்லுங்கள். மிஷினுக்காக அவர் தமிழைக் குறைக்கவில்லை. தமிழுக்காக மிஷினை மாற்றினார்.