எட்டுக் கலை வேறுபாடு: கெப்ளரும் அறிவியல் மெய்யியலும்

கோள்களின் இயக்க விதிகளை வகுத்தவர் என்றே யோகான்னஸ் கெப்ளர் (1571–1630) பெரிதும் அறியப்படுகிறார். அறிவியல் உண்மை எவ்வாறு கண்டடையப்படுகிறது என்னும் மெய்யியல் வினாவிற்கும் அவருடைய ஆய்வு வாழ்வு முதன்மைச் சான்றாக விளங்குகிறது.

ஜெர்மனியின் வைல் டெர் ஸ்டாட் நகரில் பிறந்த கெப்ளர், டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மேஸ்ட்லினிடம் கோப்பர்நிக்கஸின் ஞாயிற்று மையக் கொள்கையைக் கற்றார். 1594இல் கிராஸ் நகரில் கணித ஆசிரியரானார். சமயப் பூசலால் அந்நகரை நீங்க நேர்ந்தபோது, 1600இல் பிராக் சென்று டைக்கோ பிராகியுடன் பணியாற்றினார். மறு ஆண்டில் டைக்கோ மறைந்தார். தொலைநோக்கி இல்லாக் காலத்தில் அவர் திரட்டிய நுட்பமான நோக்கீடுகள் கெப்ளரின் கைக்கு வந்தன.

செவ்வாயின் பாதையை வட்டமாகக் கொண்டு கெப்ளர் வகுத்த கணிப்பு, நோக்கீட்டினின்று 8 கலை வரை வேறுபட்டது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறே கலை எனப்படும். அத்துணைப் பிழை டைக்கோவின் நோக்கீட்டில் நேராது எனத் தெளிந்த கெப்ளர், பெருமுயற்சியால் எய்திய தம் கணிப்பையே கைவிட்டார். முட்டை வடிவப் பாதையையும் ஆய்ந்து நீக்கியபின் நீள்வட்டத்தை அடைந்தார். 1609இல் வெளிவந்த அவருடைய 'புதிய வானியல்', முடிவுகளோடு தோல்வியுற்ற முயற்சிகளையும் பதிவுசெய்தது. கோப்பர்நிக்கஸின் நூலில் அவருடைய கொள்கையை வெறும் கணக்கீட்டுக் கருவியாகக் காட்டிய பெயரிலா முன்னுரை ஒசியாண்டர் எழுதியது என்பதையும் அது வெளிப்படுத்தியது. வானியல், இயக்கத்தின் உண்மைக் காரணங்களைக் கூறவேண்டும் என்பது கெப்ளரின் நிலைப்பாடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கண்டுபிடிப்பே மெய்யியல் விவாதப் பொருளாயிற்று. சிதறிய நோக்கீடுகளைப் பிணைக்கும் கருத்தை ஆய்வாளரின் மனமே வழங்குகிறது என்றார் வில்லியம் ஹியூவெல். நீள்வட்டம் நோக்கீடுகளிலேயே அமைந்திருந்தது. கெப்ளர் அதனை விவரித்தார் என்பது ஜான் ஸ்டுவர்ட் மில்லின் மறுப்பு. சார்லஸ் பெர்ஸ் இம்மறுப்பை ஏற்கவில்லை. புலப்பட்ட உண்மையிலிருந்து அதனை விளக்கவல்ல கருதுகோளை நோக்கிச் செல்லும் அனுமானத்திற்குக் கெப்ளரின் ஆய்வையே தலைசிறந்த எடுத்துக்காட்டாக அவர் கொண்டார். 1958இல் நார்வுட் ரசல் ஹான்சன் இக்கருத்தை விரித்து, கண்டுபிடிப்பிற்கும் ஒரு தருக்கம் உண்டென வாதிட்டார்.

மில்லின் கூற்றை ஏற்பின், கைவிடப்பட்ட வட்டமும் முட்டை வடிவமும் பொருளற்ற அலைச்சலாகிவிடும். ஆயின் அவற்றுள் ஒவ்வொன்றும் ஏன் பொருந்தவில்லை என்று காட்டியதே அடுத்த கருதுகோளுக்கு வழிவகுத்தது. தம் தோல்விகளை மறைக்காது எழுதிவைத்தமையாலேயே, கண்டுபிடிப்பின் வழியைப் பிற்கால மெய்யியலார் ஆராயக் கெப்ளர் இடமளித்தார் எனலாம்.