ஒரு துளி இரத்தத்தில் உயிரைக் கண்டவர்

விலங்கியல் செய்முறை வகுப்பில் நாம் அனைவரும் ஒரு முறையேனும் ஏமாந்திருப்போம். சாயத்துகளையோ காற்றுக் குமிழியையோ கண்டுவிட்டு, ஒட்டுண்ணி அகப்பட்டது என்று விரிவுரையாளரை அழைத்திருப்போம். அவர் குனிந்து பார்த்துப் புன்னகையோடு நகர்ந்துவிடுவார். பார்ப்பது வேறு, இன்னதென்று அறிவது வேறு. இந்த வேறுபாட்டிற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்டவர் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லவரான்.

1845ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தையும் இராணுவ மருத்துவரே. ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவம் பயின்று 1867இல் பட்டம் பெற்றார். 1878இல் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இராணுவ மருத்துவமனைகளில் மலேரியாக் காய்ச்சலால் வாடிய படைவீரர்கள் ஏராளம்.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்து நச்சுக்காற்றே காய்ச்சலைத் தருகிறது என மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1879இல் அறிஞர் இருவர் சதுப்பு நில மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதுவே காரணம் என அறிவித்தனர்.

லவரானோ நோயாளியின் இரத்தத்தையே ஆராய்ந்தார். மலேரியாவால் இறந்தவர்களின் உறுப்புகளில் கரிய நிறமித் துகள்கள் இருப்பதை அவருக்கு முன்பே பலர் கண்டிருந்தனர். அவை எங்கிருந்து வருகின்றன என்பதே அவரைக் குடைந்த கேள்வி. 1880 நவம்பர் 6ஆம் நாள், கான்ஸ்டன்டைன் நகரில், ஒரு படைவீரரின் சாயமேற்றாத புதிய இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நிறமி நிறைந்த ஓர் உருண்டையின் விளிம்பில் மெல்லிய இழைகள் சாட்டையைப்போல் துடித்தன. வெறும் துகள் துடிக்குமா? அது உயிர் என்று அக்கணமே உணர்ந்தார்.

இரத்தம் உடலைவிட்டு வெளியேறிக் குளிரும்போது, ஒட்டுண்ணியின் ஆண் வடிவம் இவ்வாறு இழைகளை வெளிவிடுகிறது என்பதை இன்று நாம் அறிவோம். கொசுவின் வயிற்றில் நிகழ வேண்டியது கண்ணாடித் தகட்டின்மேல் நிகழ்ந்துவிட்டது. பிணத்தில் தேடியவர்களுக்கு அக்காட்சி கிட்டவில்லை.

ஒருமுறை கண்டதோடு அவர் நிறைவடையவில்லை. 192 நோயாளிகளைச் சோதித்து, 148 பேரின் இரத்தத்தில் அதைக் கண்டார். கொயினா மருந்து கொடுத்ததும் அவை மறைவதையும் குறித்துக்கொண்டார். 1882இல் ரோம் நகருக்குச் சென்று, அங்குள்ள நோயாளிகளிடமும் அதே உயிரைக் கண்டார்.

ஆயினும் உலகம் எளிதில் நம்பவில்லை. அவை சிதைந்த சிவப்பணுக்களே என்றனர் இத்தாலிய அறிஞர் சிலர். 1884இல் லூயி பாஸ்டர் தம் கண்ணாலேயே பார்த்து ஏற்றுக்கொண்டார். இந்தியாவில் பணியாற்றிய ரொனால்டு ராஸ்கூட, தேடியும் கிடைக்காமையால் ஐயுற்றிருந்தார். 1894இல் இலண்டனில் பாட்ரிக் மேன்சன் காட்டிய பிறகே அவர் தெளிந்தார். அந்த ராஸ்தான் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாதில் கொசுவின் வயிற்றில் அதே ஒட்டுண்ணியைக் கண்டவர். காட்டித்தர ஒருவர் இருந்தால் கண் எவ்வளவு விரைவில் திறக்கிறது, பாருங்கள்!

இராணுவமோ லவரானுக்கு ஆய்வுக்கூடம் இல்லாத நிர்வாகப் பதவிகளையே அளித்தது. 1896இல் பணியைத் துறந்து, பாஸ்டர் நிறுவனத்தில் ஊதியமின்றி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1907இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அதில் பாதித் தொகையை அங்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைக்க வழங்கிவிட்டார்.

இத்தகையவரும் ஒருமுறை தவறினார். 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டானவன், மண்ணீரல் வீங்கிய நோயாளியிடமிருந்து எடுத்த இரத்தத்தில் புதிய நுண்ணுயிரைக் கண்டு, கண்ணாடித் தகடுகளைப் பாரிசுக்கு அனுப்பினார். லவரானும் மெனிலும் அதைப் பைரோபிளாஸ்மா இனத்தில் சேர்த்துவிட்டனர். அது தனி இனம் என உணர்ந்து, லீஷ்மேனியா டானவனி என்று பெயரிட்டவர் ராஸ். முன்பு லவரானை ஐயுற்றவர் இப்போது லவரானையே திருத்தினார். அறிவியலில் எவர் கண்ணும் இறுதித் தீர்ப்பன்று.

1922 மே 18ஆம் நாள் லவரான் மறைந்தார். அவர் தொடங்கி வைத்த வழக்கம் மறையவில்லை. இன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல்நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைத் தகட்டில் தடித்த பூச்சாகவும் மெல்லிய பூச்சாகவும் தடவுகின்றனர். ஒட்டுண்ணி உண்டா என்பதைத் தடித்த பூச்சு எளிதில் காட்டும்; எந்த இனம் என்பதை மெல்லிய பூச்சு தெளிவாக்கும். ஃபால்சிபாரம் இனம் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். வைவாக்ஸ் இனமோ கல்லீரலில் பதுங்கியிருந்து மீண்டும் காய்ச்சலைக் கொண்டுவரும். இரண்டுக்கும் மருந்துமுறை ஒன்றன்று. தகட்டைப் பார்ப்பவர் இனத்தை மாற்றிச் சொன்னால், முன்பின் அறியாத ஒருவரின் உயிருக்கே ஆபத்து.

நாளை நம்முள் சிலர் அந்த நுண்ணோக்கியின் முன் அமரக்கூடும். ஆகவே நண்பர்களே, அடுத்த செய்முறை வகுப்பில் மணி அடிக்கும் முன்பே தகட்டை எடுத்து வைத்துவிடாதீர்கள். இன்னும் ஒருமுறை பாருங்கள்.