1729 கதையில் வராத ராமானுஜன்

இன்ஜினியரிங் படிக்கும் நமக்கு ராமானுஜன் என்றாலே 1729தான். அந்த டாக்ஸி நம்பர் கதை, புட்னியில் அவர் நோயாளியாகப் படுத்திருந்தபோது நடந்தது. அவர் ஏன் அங்கே படுத்துக் கிடந்தார் என்று யுனிவர்சிட்டிக்கு வரும்வரை நான் யோசித்ததே இல்லை.

1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 26. கடல் தாண்டக்கூடாது என்ற குடும்பம். குடுமியை எடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இவர் சைவம், அறையிலேயே தனியாகச் சமையல். சில மாதத்திலேயே போர் வந்து, காய்கறிக்கும் தட்டுப்பாடு. குளிருக்கு ஓவர்கோட்டோடு படுத்தார். கட்டிலில் கம்பளியை விரித்துச் செருகியிருப்பார்கள், அதற்குள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை மஹாலனோபிஸ் வந்து காட்டும்வரை தெரியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாமே என்று தோணும். முதல் செமஸ்டரில் குரூப் அசைன்மெண்டுக்கு என்னை யாரும் சேர்த்துக்கொள்ளாத அன்று, நானும் அம்மாவிடம் போனில் சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்மா என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் நண்பர் சாட்டர்ஜியையும் அவருக்கு நிச்சயித்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். மறுபடி பரிமாற வந்தபோது பெண்கள் போதும் என்றார்கள். அவ்வளவுதான், சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. ரொம்பச் சின்ன விஷயம்தான். ஆனால் மனசு ஏற்கெனவே எவ்வளவு நிறைந்திருந்தால் அது பொறுக்காமல் போகும்!

1917இல் நோய் முற்றியது. அதே ஆண்டு டிரினிட்டி அவருக்கு ஃபெல்லோ பதவி தர மறுத்தது. கறுப்பர் ஒருவரைச் சேர்ப்பதா என்ற எதிர்ப்பும் அதில் இருந்தது. வீட்டில் மாமியார் மருமகள் சண்டை, மனைவி ஜானகியின் கடிதங்கள் வந்து சேரவில்லை. 1918 தொடக்கத்தில் லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்ல வேளை, பிழைத்தார். அன்றைய சட்டப்படி அது குற்றம். போலீஸ் பிடித்துவைத்தது, ஹார்டி போய் மீட்டார்.

அந்த மே மாதம் ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டியும் வழிக்கு வந்தது, ஆனால் சும்மா இல்லை. மனநிலை சரியில்லாதவர் என்று யாரும் தடுத்துவிடக்கூடாது என்று லிட்டில்வுட் மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அடிபட்டவர்தான் சான்றிதழ் காட்டவேண்டும்! இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

அங்கீகாரம் கிடைத்ததும் கணக்கு மறுபடி ஓடியது. 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் இறந்தார். அதற்கு மூன்று மாதம் முன்பு, படுக்கையில் இருந்தபடியே ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிதாகக் கண்டுபிடித்த மாக் தீட்டா சார்புகளைப் பற்றித்தான்.